யாருக்குச் சொன்ன ‘வாங்க’

சிவகாசி ரோஷன் சில்க்ஸ் ஜவுளிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்களைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்வதற்காகச் சங்கிலிமுத்து வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். அவருடைய ஊரான தாயில்பட்டியில் யாரும் அதை ஒரு வேலை என்று நம்பவில்லை. “வாங்கன்னு சொல்றதுக்கா சம்பளம்? அப்பம் நாங்கள்லாம் இம்புட்டு வருசமாச் சும்மாவா சொல்லிக்கிட்டுக் கெடந்தோம்?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அதற்கு முன்னால் அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடுமேனாக இருந்தார். லைசென்ஸ் பிரச்சினையில் அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவரைத் தேடி வந்து வாழவைத்தது அவருடைய மீசைதான். ஜவுளிக்கடை முதலாளி முகம்மது நூகு மதுரைக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு பெரிய கடை வாசலில் மீசை வைத்த ஆள் ஒருவர் தலைப்பாகையோடு நின்று கும்பிடுவதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. மீசைக்கு ஆள் தேடி ஊர் ஊராகச் சொல்லிவைத்ததில், காதைத் தொடுகிற மீசையோடு சங்கிலிமுத்து வந்து நின்றார்.

“எங்க, நான் கடைக்கு வர்ற ஆளு. கூப்பிடுங்க பாப்போம்” என்று முகம்மது நூகு தெருவில் இறங்கிப் போய், திரும்பிப் படியேறி வந்தார்.

சங்கிலிமுத்து வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். “வாங்க... வாங்க வாங்க வாங்க... அப்பிடியே வாங்க... ஆங், போதும்!”

முதலாளி ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிற சத்தம் அது. பாதி ஆயுசுக்குச் சங்கிலிமுத்து ‘வாங்க’ என்று சொன்னது லோடு ஏற்ற வந்த லாரிகளிடம்தான்.

கல்லாவில் இருந்த முதலாளியின் மனைவி ரோஷன் பேகம் எழுந்து வந்தார். கடை அவர் பேரில் இருந்தது. கடையின் மூளையும் அவர்தான். “லாரின்னு நெனைக்காதீக. ஒங்க வீட்டுக்கு மச்சான் வர்றாருன்னு நெனைச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க” என்றார்.

சங்கிலிமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. “மச்சான்னா வாயில வராதும்மா. வேற ஆளச் சொல்லுங்க.”

“சரி. மகள் இருக்காளா?”

“மாரிசெல்வி. விருதுநகர்ல ஹாஸ்டல்ல இருந்து படிக்கா.”

“அவ லீவுக்கு வாரா. பஸ்ஸுல இருந்து எறங்கி, பையத் தூக்கிக்கிட்டு வாரா. கூப்பிடுங்க.”

“வாம்மா” என்றார் சங்கிலிமுத்து. பையை வாங்கக் கை நீண்டது.

“அதேதான். அதோட மரியாதையச் சேத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு ரோஷன் பேகம் கல்லாவுக்குத் திரும்பினார்.

அவருக்குச் சிவப்புக் கோட்டு தைத்தார்கள். விலைபோகாமல் கிடந்த பட்டுப்பாவாடைத் துணியில் விசிறி வைத்த தலைப்பாகை ஒன்றும் தயாரானது. கொஞ்ச நாளில் சங்கிலிமுத்து வேலையில் தேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். கம்பெனியில் அவர்களை ‘ஏ புள்ள’ என்றும் ‘ஏ பச்சச் சீலை’ என்றும் கூப்பிட்டுத்தான் பழக்கம். இங்கே ஆளுயர மீசை ஒன்று கைகூப்பி, “வாங்க தாயி, வாங்க” என்றதும், ஒருத்தி தனக்குப் பின்னால் யாரோ பெரிய வீட்டு அம்மாள் வருகிறாளாக்கும் என்று திரும்பிப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே போய் உள்பாவாடைக்கு நாடா வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், எதையோ மறந்ததுபோல மறுபடியும் படியேறினாள். மறுபடியும் ‘வாங்க’ கிடைத்தது. அப்படி இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறவர்களைச் சங்கிலிமுத்து கண்டும் காணாததுபோல விட்டுவிடுவார்.

இவ்வளவு சொல்கிற மனிதருக்கு ஒரே ஓர் ஆளைப் பார்த்து மட்டும் அந்த வார்த்தை வராது. அது அவருடைய மனைவி மாரித்தாயின் அண்ணன் கருத்தப்பாண்டி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன்.

மாரிசெல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் கருத்தப்பாண்டி சீர்த்தட்டுகளோடு வேன் பிடித்து வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்துச் சங்கிலிமுத்து வெட்டுக்கு நேர்ந்த கிடாயைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். “வாங்க, வாங்க” என்று சொன்னார். சொன்னதை யாரும் மறுக்கவில்லை. யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில்தான் தகராறு. “ஆட்டப் பாத்துச் சொல்லிட்டு என்னச் சொன்னேங்கான்” என்றார் கருத்தப்பாண்டி. “ஆட்ட எவனாவது வாங்கன்னு மரியாதையாக் கூப்பிடுவானா?” என்றார் சங்கிலிமுத்து. “நேந்துக்கிட்ட ஆடு, சாமி ஆடுன்னு கூப்பிட்டிருப்பான்” என்று கூட்டத்தில் எவனோ ஒருத்தன் எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான். வந்த வேனிலேயே சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு கருத்தப்பாண்டி போய்விட்டார். ஒன்றுவிட்ட மாமன் ஒருவரின் மடியில் வைத்துப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. இவர் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவர் சொல்லாமல் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். இரண்டு சத்தியமும் ஒரே மாரியம்மன் முன்னால்தான்.

அந்த ஆடி மாதம் தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்தபோது கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது கருத்தப்பாண்டியின் மனைவி. சங்கிலிமுத்துவுக்குத் திக்கென்றது. ஆனாலும் தங்கச்சி முறை ஆயிற்றே என்று, “வாங்க தங்கச்சி” என்றார். அடுத்து மகள் ரோஜா இறங்கினாள். அவளுக்குத்தான் கல்யாணம், ஆவணியில் முகூர்த்தம். “வாங்க மருமகளே” என்றதும் அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போனாள். மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு ‘வாங்க’. கடைசியில் கருத்தப்பாண்டி இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு முதல் படியில் வந்து நின்றார்.

சங்கிலிமுத்துவின் வாய் பூட்டிக்கொண்டது. கூப்பிய கை மட்டும் கூப்பியபடி இருந்தது. அதை இறக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பக்கத்தில் கண்ணாடிக் கதவுக்குள் நின்ற பொம்மை ஒன்றைப் பார்த்துத் திரும்பி அதைக் கும்பிட்டவாறு நின்றார்.

கருத்தப்பாண்டி இரண்டாம் படிக்கு ஏறவில்லை. “மொதலாளி எங்கன இருக்காக?” என்று சத்தம் கொடுத்தார்.

முகம்மது நூகு ஓடி வந்தார். “வாங்க அண்ணாச்சி, வாங்க வாங்க. என்ன வெயில்லயே நிக்கீக?”

“நீங்க வாங்கன்னு கேட்டா ஆச்சா? இதுக்கின்னு தலைப்பா கட்டி ஒரு ஆளப் போட்டிருக்கீகள்ல, அவரு வாயில இருந்து வரணும். கேபிள் டிவில என்ன போடுதீக? வாசலுக்கு வரும் ஒவ்வொருவரையும் வாய் நிறைய வரவேற்போம்னுதான? நான் அந்த ஒவ்வொருத்தர்ல சேத்தியா இல்லியா?”

“ஏன் சங்கிலி, நீங்க கேக்கலியா?”

“கும்பிட்டேன் மொதலாளி.”

“பொம்மையக் கும்பிட்டாரு” என்றார் கருத்தப்பாண்டி.

முகம்மது நூகு சங்கிலிமுத்துவைத் துண்டு அடுக்கிவைத்த அலமாரிக்குப் பின்னால் இழுத்துப் போனார். “ஒத்த வார்த்தைய்யா. முப்பது சீலைக்கு மேல எடுப்பாக போல இருக்கு. சொல்லித் தொலைச்சா என்ன?”

“மொதலாளி, ரோசன பண்ணிப் பாருங்க. அன்னைக்கு இருக்கன்குடில நான் கேட்டாச்சு. இப்பம் திரும்பக் கேட்டா, அன்னைக்குக் கேக்கலன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும்ல?”

முகம்மது நூகு யோசித்துப் பார்த்தார். சங்கிலிமுத்து சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவருக்கு அதிகக் கவலையைக் கொடுத்தது.

உள்ளே போன பெண்கள் மாடியில் பட்டை விரித்து, பிரித்து, மடித்து, மதியத்துக்குள் எல்லாம் எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஆனால் பணப்பை கருத்தப்பாண்டியின் இடுப்பில் இருந்தது. இடுப்பு முதல் படியில் இருந்தது. பணத்தை மட்டும் கொடுத்து அனுப்பும்படி கேட்டுப் பார்த்தார்கள். “பொண்ணுக்குப் பட்டு எடுக்கயில அப்பன் வாசல்ல நின்னான்னு நாளைக்கி ஊரு பேசணுமா?” என்றார். ராத்திரி வரை நின்றார். கடை அடைத்ததும் எல்லாரும் வேன் ஏறிப் போனார்கள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது கருத்தப்பாண்டி முதல் படியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தீபாவளிச் சீசன் வேலை தொடங்கிய நேரத்தில் போர்மேன் லீவு போடுவது சாமானியமில்லை. ஆனாலும் போட்டுவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கி, “எதுத்தாப்லயே இன்னொரு கடை இருக்கே, அங்கன எடுத்துருவமா?” என்று கேட்டார்.

“பட்டு எங்கன வேணாலும் கெடைக்கும் சம்பந்தி. எனக்கு வேண்டியது இங்கன மட்டுந்தான் இருக்கு” என்றார் கருத்தப்பாண்டி.

முகம்மது நூகு என்னென்னவோ செய்து பார்த்தார். சங்கிலிமுத்துவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, லுங்கிப் பிரிவில் இருந்த ஒரு பையனுக்குத் தலைப்பாகையை மாட்டி நிறுத்தினார். தலைப்பாகை கண்ணை மறைத்ததில் அவன் கருத்தப்பாண்டியை விட்டுவிட்டு மின்கம்பத்தைப் பார்த்து ‘வாங்க’ என்றான். சங்கிலிமுத்துவின் குரலைக் கேசட்டில் பதிவுபண்ணி வாசலில் ஸ்பீக்கர் வைத்தார். நடுவில் ரோஷன் பேகத்தின் இருமலோடு சேர்த்து, “வாங்க, வாங்க” என்று அது நாள் முழுக்கக் கூப்பிட்டது. “கேசட்டுக்கும் எனக்கும் மாமன் மச்சான் மொறையா இருக்கு?” என்று கேட்டுவிட்டுக் கருத்தப்பாண்டி சுண்டல் தின்றார். ஸ்பீக்கர் சத்தத்துக்கு ஒரு பசுமாடு மட்டும் படியேறி வந்தது.

செய்தி பரவிவிட்டது. தாயில்பட்டியில் இருந்தும் ஏழாயிரம்பண்ணையில் இருந்தும் பார்க்க ஆள் வந்தது. வந்தவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு உள்ளே போய்த் துண்டு, கைலி, ஜாக்கெட் துணி என்று எதையாவது வாங்கினார்கள். வியாபாரம் அமோகமாக நடந்தது. சங்கிலிமுத்துவை வேலையை விட்டு நிறுத்துவதா, சம்பளத்தைக் கூட்டுவதா என்று முகம்மது நூகுவுக்குப் புரியவில்லை. தினம் ஒன்றைத் தீர்மானித்து, மறுநாள் மற்றதைத் தீர்மானித்தார்.

வீட்டில் மாரித்தாய் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் திரும்பி, நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளிப் பொடியோடு சோறு போடும்போது ஒன்றே ஒன்றை மட்டும் கேட்பாள்.

“ரோஜாவுக்கு என்ன கலர்ல எடுத்திருக்காக?”

“மாம்பளக் கலரு. அரக்கு பார்டர்.”

“முந்தி எப்பிடி இருக்கு?”

“மயிலு போட்டிருக்கு.”

மறுநாளும் அதையே கேட்பாள். மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது, சின்ன மயிலா பெரிய மயிலா என்று கேட்பாள். அண்ணன் மகள் ருதுவானபோதுகூட அத்தைக்காரி போய்ப் பார்க்க முடியாத வீடு அது. சங்கிலிமுத்து மறுநாள் கடையில் மாடிக்குப் போய், மயிலை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டு வந்து சொன்னார்.

ஒருநாள் அவள் கையைக் கழுவிக்கொண்டே, “அன்னைக்கு நீங்க நெசமாவே எங்கண்ணனப் பாத்துத்தான் கேட்டீகளா?” என்றாள்.

“இதென்ன கேள்வி? கேட்டேன்” என்றார் சங்கிலிமுத்து. சொல்லிவிட்டுப் படுத்தவருக்கு உறக்கம் வரவில்லை. அன்று கயிறு கையை அறுத்தது ஞாபகம் இருந்தது. வேன் கதவு திறந்த சத்தம் ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம், இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, நடந்தது எது, சொன்னது எது என்று பிரிக்க முடியாமல் போயிருந்தது.

கடைசியில் கூட்டம் பேசித் தீர்ப்பது என்று முடிவானது. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற லட்சுமிகாந்தத்தை நடுவராக அழைத்து வந்தார்கள். மாடியில் பட்டு விரிக்கிற வெள்ளை மெத்தை மேல் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். கருத்தப்பாண்டி உள்ளே வரமாட்டார் என்பதால், அவர் பேச்சைத் தெருவில் இருந்து மாடி ஜன்னலுக்கு ஓர் ஆள் சத்தம் போட்டுச் சொன்னார். ரோஷன் பேகம் எல்லாருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார்.

லட்சுமிகாந்தம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “விசயம் என்னன்னா, இது யாரோட வாங்கங்கிறதுதான். கோட்டும் தலைப்பாவும் கடையோடது. அதப் போட்டுக்கிட்டுச் சொன்னா அது கடையோட வாங்க. கழட்டிட்டுச் சொன்னா அது ஆளோட வாங்க.”

எல்லாரும் ஆமாம் என்றார்கள். இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

“கடையோடதுன்னா நான் தாரேன்” என்றார் சங்கிலிமுத்து. “சம்பளத்துக்குச் சொல்றது. அதுல எனக்கு மானக்கேடு இல்ல.”

தெருவில் இருந்து பதில் வந்தது: “கடையோடது வேண்டாமாம். ஆளோடதுதான் வேணுமாம்.”

பேரம் தொடங்கியது. தலைப்பாகை இருக்கட்டும், கோட்டைக் கழற்றட்டும் என்றது ஒரு பக்கம். கோட்டு இருக்கட்டும், மேலே இரண்டு பட்டனை மட்டும் கழற்றட்டும் என்றது மறுபக்கம். “எங்கடை வாசல்ல யாரும் பட்டனக் கழட்டிட்டு நிக்கக் கூடாது” என்று ரோஷன் பேகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாமே என்று ஒருவர் கேட்டதற்குச் சங்கிலிமுத்து மெத்தையை விட்டு எழுந்துவிட்டார். தலையில் இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவன் முன்னால் நிற்பதா? அதற்கு அவர் அப்பா காலத்தோடு தலைமுழுகியாச்சு என்றார். அதைக் கருத்தப்பாண்டியும் தெருவில் இருந்து ஆமோதித்தார். அந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

ரொம்ப நேரம் கழித்து லட்சுமிகாந்தம் தீர்ப்புச் சொன்னார். கோட்டுப் போட்டிருக்க வேண்டும். தலைப்பாகையைச் சங்கிலிமுத்து தலையிலும் வைக்கக் கூடாது, கையிலும் வைக்கக் கூடாது. தலைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் முதலாளி பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லப்படுகிற ‘வாங்க’ பாதி கடையோடது, பாதி ஆளோடது. பாதியை வாங்கிக்கொண்டு கருத்தப்பாண்டி படியேற வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில்.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை தெருவில் பஸ் போக வழியில்லை. சங்கிலிமுத்து உயரமானவர், முகம்மது நூகு குட்டை. எனவே முதலாளி ஒரு முக்காலி மேல் ஏறி, இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்தபடி நின்றார். ஒரு சாண் இருக்கிறதா என்று லட்சுமிகாந்தம் விரலை விரித்து அளந்து பார்த்தார். கருத்தப்பாண்டி புதுச் சட்டை போட்டு, சந்தனம் வைத்து, முதல் படிக்குக் கீழே நின்றார். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் பின்னால் நின்றன.

“ஆரம்பிக்கலாம்” என்றார் லட்சுமிகாந்தம்.

சங்கிலிமுத்து தொண்டையைச் செருமினார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரித்தாய் வந்தாள். நீலச் சேலை கட்டியிருந்தாள். விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கிற சேலை. வந்தவள் நேராகப் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணன் முகத்தையும் பார்க்கவில்லை, புருஷன் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

“நீ எங்க இங்கன?” என்றார் சங்கிலிமுத்து.

“துணி எடுக்க வந்தேன்.”

“இப்பமா? சரி, வா. ஓரமா உள்ள போ.”

மாரித்தாய் அசையவில்லை. “‘வா’வா? கடைக்கு வர்ற அம்புட்டுப் பேருக்கும் ‘வாங்க’ன்னுதான சொல்லுதீக? எங்கூடச் சரம் பின்னுற பொம்பளைகள்லாம் வந்து கதை கதையாச் சொல்லுதாளுக. ஒம் புருசன் வாய் நெறையக் கேக்காருடீன்னு. நானும் கடைக்கு வந்த ஆளுதான். எனக்கும் கேளுங்க.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. “பொண்டாட்டிய எவனாவது வாங்கன்னு கூப்பிடுவானா?” என்று யாரோ கேட்டார்.

“ஏன், கூப்பிட்டா வாய் வெந்துருமோ?” என்றார் கல்லாவில் இருந்த ரோஷன் பேகம்.

“இது தீர்ப்புல இல்லியே” என்று லட்சுமிகாந்தம் கையைப் பிசைந்தார்.

“வெரசாச் சொல்லுய்யா, கை கடுக்குது” என்றார் முக்காலி மேல் இருந்த முதலாளி.

சங்கிலிமுத்து மனைவியைப் பார்த்தார். கோபமாக வந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவள் முகத்தில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. வாசலில் நிற்கிற ஒருத்தி கதவு திறப்பதற்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்து ‘ஏ இந்தா’, ‘எங்க போன’, ‘வா’, ‘போ’ இவைதான் அவளுக்கு அவர் சொன்னவை. அண்ணன் வீட்டு வாசலிலோ இத்தனை வருஷமாக அவளை ‘வா’ என்றுகூட யாரும் கூப்பிட்டதில்லை. முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வார்த்தை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கத் தலை குனிந்தார். குனிந்த மனிதரின் கை தானாகக் கூடியது.

“வாங்க” என்றார்.

பழகின குரல் அது. குனிந்த தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

மாரித்தாய் படியில் கால் வைத்தாள். அதே நேரம் பக்கத்தில் நின்ற கருத்தப்பாண்டியின் காலும் படியில் ஏறியது. இரண்டு பேரும் ஒன்றாக மூன்று படியும் ஏறி, ஒன்றாகக் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. முகம்மது நூகு தலைப்பாகையைப் பிடித்தபடி முக்காலி மேல் நின்றார்.

“பொறுங்க, பொறுங்க. இப்பம் யாருக்குச் சொன்னது?” என்றார் லட்சுமிகாந்தம்.

தெரு முழுக்க விவாதம் மூண்டது. ஒருத்திக்குச் சொன்னது என்றால் அது மரியாதை. இரண்டு பேருக்குச் சொன்னது என்றால் அது பன்மை. இரண்டுக்கும் ‘வாங்க’ என்பதுதான் வார்த்தை. “எம் பொண்டாட்டிக்குத்தான் சொன்னேன்” என்றார் சங்கிலிமுத்து. “எனக்குத்தான் சொன்னான், காதால கேட்டேன்” என்றார் கதவைத் திறந்து தலையை நீட்டிய கருத்தப்பாண்டி. அது கோட்டுப் போட்டுச் சொன்னதா, தலைப்பாகை ஒரு சாணுக்கு மேலே ஏறியிருந்ததா என்று வேறு சிலர் கிளப்பினார்கள். பொண்டாட்டியைப் போய் எவன் மரியாதையாகக் கூப்பிடுவான், ஆகையால் அது பன்மைதான் என்று ஏழாயிரம்பண்ணைக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். மாரித்தாயையே கேட்டுவிடுவோம் என்று நாலு பேர் மாடிக்கு ஏறினார்கள். அவள் மெத்தை மேல் ரோஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் பட்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மயிலு பெருசாத்தான் இருக்கு” என்றாள். கேட்க வந்தவர்கள் திரும்பி இறங்கிவிட்டார்கள்.

கருத்தப்பாண்டி பில் போட்டார். தங்கச்சிக்கும் ஒரு பட்டு எடுத்துக் கொடுத்தார். போகும்போது வாசலில் சங்கிலிமுத்துவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் தாண்டினார்கள். ‘போயிட்டு வாங்க’ என்பதைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றும் இல்லை.

ஆவணியில் கல்யாணம் வந்தது. பத்திரிகையைக் கருத்தப்பாண்டி வெற்றிலைத் தட்டில் வைத்து நேரிலேயே கொண்டுவந்து தங்கச்சியிடம் கொடுத்தார். சங்கிலிமுத்து வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து. அதனால் கல்யாணத்துக்கு அவர் அழைக்கப்பட்டவரா இல்லையா என்று அவருக்கே விளங்கவில்லை. மாரித்தாய் புதுப் பட்டைக் கட்டிக்கொண்டு, ஹாஸ்டலில் இருந்து வந்த மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவரும் வெள்ளை வேட்டி கட்டிப் பின்னாலேயே போனார். மண்டபத்துக்கு எதிரே இருந்த வெற்றிலைபாக்குக் கடையில் ஒதுங்கி, “நீங்க போங்க, நான் வாரேன்” என்றார். கருத்தப்பாண்டி வாசலுக்கு வந்து கேட்டால் போவது, இல்லாவிட்டால் அடுத்த பஸ். அப்படித்தான் நினைத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டு பஸ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மண்டப வாசலில் ஒருவரும் இல்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன விஷயமாகக் கருத்தப்பாண்டி சமையல்கட்டில் சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் மணப்பெண் அறையில் இருந்தார்கள். பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள் வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்ட தோரணை சங்கிலிமுத்துவுக்கு நன்றாகத் தெரிந்த தோரணை. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

சங்கிலிமுத்து யோசிக்கவில்லை. கால் தெருவைத் தாண்டிவிட்டது. வாசலில் போய் நின்று, மீசையை ஒரு தடவை தடவிவிட்டு, கைகூப்பினார். “வாங்க, வாங்க! பொண்ணோட மாமா நானு. வாங்க அண்ணாச்சி, மாப்ளைக்கித் தாய்மாமன் நீங்கதான, வாங்க வாங்க. வாங்க தாயி, பிள்ளய இப்பிடிக் குடுங்க, பாத்து ஏறுங்க...” மேசையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டார். இன்னொரு கையால் பன்னீர்ச் செம்பை எடுத்துத் தெளித்தார். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் உள்ளே போனார்கள்.

கருத்தப்பாண்டி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தபோது வாசல் காலியாக இருந்தது. சங்கிலிமுத்து மட்டும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

“எல்லாரும் எங்க?” என்றார் கருத்தப்பாண்டி, யாரிடமோ கேட்பதுபோல.

“உள்ள போயிட்டாக” என்றார் சங்கிலிமுத்து, யாருக்கோ சொல்வதுபோல.

“அந்தத் தாய்மாமன்காரரு?”

“அவருக்கு ரெண்டு தடவ கேட்டாச்சு.”

கருத்தப்பாண்டி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சங்கிலிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். வாசலுக்கு உள்ளே நிற்கிற மனிதரை எப்படி ‘வாங்க’ என்று கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை போல இருந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் ஐயர் கூப்பிடுகிறார் என்று யாரோ வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

இரண்டடி போனவர் திரும்பினார். “மாப்ளே, கம்பெனி ஆளுக இன்னும் ரெண்டு வேன்ல வாராக. வாசலப் பாத்துக்கிடும்.”

“நீரு போம் மச்சான். நான் பாத்துக்கிடுதேன்” என்றார் சங்கிலிமுத்து.

கெட்டிமேளம் முழங்கியபோது அவர் வாசலில்தான் இருந்தார். முதல் வேன் வந்து நின்றிருந்தது.